ஈசாக்கின் இடது கால்

முப்பத்து நாலு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மாடன், யட்சி, பேய் என்று யாராவது என் முன்னால் வாயைத் திறந்தால், அதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள், இங்கே வாய்ப்பாட்டைச் சொல் என்பேன். நாடா பிடித்து அளந்தால் எத்தனை அடி வருகிறதோ அத்தனைதான் உண்டு, மிச்சமெல்லாம் வாய்ப்பந்தல் என்பது என் கொள்கை. ஈசாக் விஷயத்தில் மட்டும் நாடாவைப் பிடித்திருந்த என் கையே என்னைக் கைவிட்டது. அதனால்தான் யாரும் கேட்காமலேயே இதை எழுதுகிறேன்.

ஈசாக்கைப் பாறசாலைப் பக்கத்தில் தெரியாதவர்கள் அன்றைக்குக் கிடையாது. பாறைக்குழியில் கல் உடைக்கிறவர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. நாற்பத்தொன்பதாம் வருடம் வெடி வைத்த பாறை ஒன்று தாமதமாகப் பிளந்து உருண்டு அவருடைய இடது காலின் மேல் ஏறிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் முட்டுக்கு மேலே வைத்து எடுத்தார்கள். எடுத்த காலை ஒரு தேயிலைப் பெட்டிக்குள் வைத்து அவருடைய மனைவி புஷ்பபாயிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஞானஸ்நானம் வாங்கிய உடம்பில் ஒரு விரலானாலும் அதைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, சபைக் கல்லறையில்தான் வைக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சபைக்குக் கோயில் ஒரு பக்கம், கல்லறை இன்னொரு பக்கம். நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற இடவழி. வழிக்கு இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரைத் தாலூகா, அந்தப் பக்கம் விளவங்கோடு. ஜெபிக்க ஒரு தாலூகா, படுக்க ஒரு தாலூகா என்று வாலிபர்கள் கேலி பேசுவார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டவர் உபதேசியார் யோசுவா. சாது மனிதர், புதிதாக வந்தவர். ஒரு காலை மட்டும் அடக்கம் பண்ண ஜெபப் புத்தகத்தில் முறை எதுவும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் மண்ணைத் தள்ளினால் தேவ குற்றமாகிவிடுமோ என்று பயந்து, ஒரு முழு ஆளுக்குரிய ஆராதனையையே வாசித்துவிட்டார். "நம்முடைய சகோதரனாகிய ஈசாக்கை" என்று பெயரும் சொன்னார். ஆராதனை நடப்பதைக் கேட்ட மணிக்காரர் தம்முடைய கடமையைச் செய்தார். எங்கள் கோயிலில் இறந்தவர் வயது எத்தனையோ அத்தனை முறை மணி அடிக்கவேண்டும். முப்பத்தொரு மணி அடித்தார். மணியைக் கேட்ட சபைச் செயலாளர் ரெத்தினதாஸ், நேரே போய் அடக்கப் புத்தகத்தைத் திறந்து, அழகான கையெழுத்தில் ஈசாக்கின் பெயரையும் நாளையும் எழுதினார். யாரும் தப்பு செய்யவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததில் ஒரு மனிதன் செத்துப்போனான்.

இரண்டு மாதம் கழித்துச் செத்த மனிதன் இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குழிக்குள் போனவன் என்று பெயர் விழுந்தது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. பெயரைத் திருத்தச் சொல்லி ரெத்தினதாஸிடம் போய் நின்றார். அடக்கப் புத்தகத்தில் வெட்டுத்திருத்தம் கிடையாது, சபைக்குழு கூடித் தீர்மானம் போடவேண்டும் என்றார் அவர். தம் கையெழுத்தில் ஒரு தப்பு இருப்பதை ஒத்துக்கொள்வதைவிட ஓர் ஆள் சாவதே மேல் என்று நினைக்கிற பிறவி. சபைக்குழுவோ கூடுகிற நிலையில் இல்லை. தெற்குத் தாலூகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கிளர்ச்சி தொடங்கியிருந்த காலம். குழுவில் பாதிப்பேர் அந்தக் கட்சி, மீதிப்பேர் வேண்டாம் என்கிற கட்சி. இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார மறுத்தன. ஊர்வலத்துக்கு வந்தால் உமக்காகக் கை தூக்குகிறோம் என்று இரண்டு பக்கமும் ஈசாக்கைக் கூப்பிட்டார்கள். செத்தவனுக்கு எந்த ராஜ்யமானால் என்ன என்று அவர் இரண்டு பக்கமும் போகவில்லை.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதில். புஷ்பபாய் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். அவள் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் ராத்திரி பகல் இல்லாமல் இடது கால் கடிக்கிறது, எறும்பு ஏறுகிறது என்கிறாராம். இல்லாத காலில் வலி வருவது உண்டு, டாக்டர்களே சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மழை பெய்யாத ஒரு நாள், பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த ஈசாக் என்னிடமே சொன்னார், கால் நனைகிறது என்று. எங்கள் தலைக்கு மேல் வெயில். அரை மணி நேரம் கழித்துத் தெற்கேயிருந்து வந்த ஒரு வண்டிக்காரன், கல்லறைப் பக்கம் ஒரு பாட்டம் நல்ல மழை என்றான். தற்செயல் என்று சொல்லிவிட்டு நான் வகுப்புக்குப் போனேன்.

இனி அவருடைய எறிதலைச் சொல்லவேண்டும்.

கன்னிப்பூ என்கிற முதல் போக அறுவடை முடிந்ததும் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். முதல் நாள் அறுத்த வயலில் விளையாட்டுப் போட்டிகள். அதில் பெரிய போட்டி கல்லெறி. இரும்புக் குண்டு வாங்க வசதியில்லாததால், பதினாறு ராத்தல் கருங்கல்லை உருட்டிக் கொத்தி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பொடியால் ஏழடி வட்டம் போட்டு உள்ளே ஆற்றுமணல் பரப்புவார்கள். வட்டத்துக்குள் நின்று, கல்லைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, முன்னே தள்ளி எறியவேண்டும். எறிந்த வேகத்தில் கால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் ஃபவுல், அந்த எறி செல்லாது. வலது கையால் எறிகிறவனுக்கு வலது கால் உந்தும், இடது கால் முன்னே ஊன்றித் தாங்கும். தாங்குகிற காலைத்தான் ஈசாக் இழந்திருந்தார்.

ஒரு காலோடு குத்தவைத்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த மனிதர், ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கையிலிருந்த கல்லை எறிந்தாராம். அது முற்றத்தைத் தாண்டி அடுத்த வீட்டுத் தோட்டமான விளைக்குப் போய் விழுந்ததாம். இன்னொரு தடவை எறியுங்கள் என்று சொன்னவள் புஷ்பபாய். முன்கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மரக்குற்றியை அடித்துக்கொடுத்ததும் அவள்தான். இடது கையால் குற்றியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, வலது கையால் எறிவார். ஐம்பத்தொன்றாம் வருடப் பண்டிகையில், போட்டியெல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், அவர் வட்டத்துக்கு வந்தார். புஷ்பபாய் குற்றியை அடித்தாள். எறிந்தார். கலைந்த கூட்டம் திரும்பி வந்தது. எனக்கு நாடா பிடிக்கிற வேலை இருந்ததால் அளந்தேன். இருபத்தொன்பது அடி. அன்று இரண்டு காலோடு இரண்டாம் பரிசு வாங்கியவன் எறிந்ததும் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வருடந்தோறும் எறிந்தார். காஞ்சிரங்குளம் பண்டிகைக்குக் கூப்பிட்டார்கள், மலையேறி அம்பூரிக்கும் போனார். முப்பத்தொன்று, முப்பத்து மூன்று என்று ஏறியது. எல்லா இடத்திலும் கயிறு இழுப்பு முடிந்த பிறகு, வேடிக்கைக்காக. போட்டியில் சேர்க்கமாட்டார்கள். அங்கத்தினர் பட்டியலில் பெயர் வேண்டுமே, அவர் பெயர் இருப்பது வேறு புத்தகத்தில். அவர் எறிந்த தூரங்களை என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான்தான் எழுதி வைத்தேன். அவரிடம் எனக்கு இரக்கம் இல்லை, மரியாதை இருந்தது. தோற்றவனைப் பார்த்து அவர் சிரித்ததில்லை, ஜெயித்தவனைப் பார்த்து முகம் சுளித்ததும் இல்லை.

காலடித் தடத்தை முதலில் கண்டதும் புஷ்பபாய்தான். காலையில் முற்றம் தூத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் நடந்த இடத்தில் வலது கால், கோலின் குழி, அதற்குப் பக்கத்தில் ஓர் இடது கால். எப்போதோ சுத்தியல் விழுந்து வெளிப்பக்கமாக வளைந்துபோன பெருவிரல், அப்படியே. யாரிடமும் சொல்லாமல் தூத்துத் தள்ளிவிட்டாள். தினமும் இல்லை. கல்லெறிந்து பழகின நாட்களில் மட்டும். என்னிடம் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஈரமண்ணில் வலது கால் தடம் சரிந்து அப்படித் தெரியும் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டீச்சருக்கு அப்படித் தோணினால் சரி என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐம்பத்து நாலு ஆகஸ்டில் விளவங்கோட்டுப் பக்கம் துப்பாக்கிச்சூடு நடந்தது. செத்தவர்கள், அடிபட்டவர்கள், ஓடியவர்கள். மரச்சீனி என்கிற மரவள்ளி விளைகளில் ஆட்கள் ஒளிந்து கிடந்தார்கள். போலீஸ் வீடு வீடாகத் தேடியது. விடாத மழை வேறு. ஒரு காலை நேரம் மூன்று போலீஸ்காரர்கள் ஈசாக்கின் முற்றத்துக்கு வந்தார்கள். கல்லறையிலிருந்து சேற்றில் காலடித் தடம் வருகிறதாம், இடவழியைத் தாண்டி, விளையைத் தாண்டி, நேரே இந்த வீட்டு வாசலுக்கு. ஒளிந்திருப்பவனை வெளியே விடு என்றார்கள். புஷ்பபாய் கதவைத் திறந்து விட்டாள். வீட்டில் ஈசாக்கைத் தவிர யாருமில்லை. மூத்த போலீஸ்காரர் மறுபடியும் முற்றத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தார். வந்திருந்த தடம் முழுவதும் இடது கால். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வலது காலே இல்லை.

"இடத்தே காலு மாத்ரம்" என்றார் தமக்குள். பிறகு வாசலில் ஒற்றைக்காலில் நின்ற ஈசாக்கைப் பார்த்தார். "தன்றெ மற்றே காலு எவிடெ?"

ஈசாக் கல்லறைப் பக்கமாகக் கையைக் காட்டி, "அங்க குழிச்சிட்டிருக்கு சாரே. அஞ்சு வருசமாச்சு" என்றார்.

போலீஸ்காரர்கள் வீட்டைச் சோதனை போடவில்லை. அந்தக் கிளர்ச்சிக் காலம் முழுவதும் அந்த வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. இதை நான் கண்ணால் பார்க்கவில்லை, புஷ்பபாய் சொன்னது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ஏதோ ஒரு வீம்பில் அந்த இடவழிக்குப் போனேன். மழை எல்லாவற்றையும் கரைத்திருந்தது. கல்லறைச் சுவரோரம், மரக்கிளை கவிந்து மழை அதிகம் படாத இடத்தில், ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்த தடம், எங்கள் பக்கத்தைப் பார்த்து. நான் மழைக்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் சொல்லக்கூடிய காரியமா அது?

ஐம்பத்தாறில் அவர்களுக்குப் பெண்குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. அப்போதுதான் அந்த அடக்கப் புத்தகத்தின் விஷம் தலைக்கேறியது. ஞானஸ்நானம் கொடுக்கத் தகப்பன் பெயரை எழுதவேண்டும். ரெத்தினதாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலஞ்சென்ற ஈசாக் என்றுதான் எழுத முடியும் என்றார். அவன் காலஞ்சென்றது நாற்பத்தொன்பதில், பிள்ளை பிறந்தது ஐம்பத்தாறில். அப்படி எழுதினால் அந்தக் குழந்தைக்கும் புஷ்பபாய்க்கும் ஊர் என்ன பெயர் வைக்கும் என்று நான் சொல்லவேண்டாம். ஈசாக் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கோயிலில் குரலை உயர்த்தினார். புஷ்பபாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேலிப்பக்கம் நின்றாள். அவள் அழவில்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் நெஞ்சு பொறுக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர் எலியா போதகர். அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார், எந்தக் கட்சியிலும் இல்லாதவர். பண்டிகைப் போட்டிகளில் முதலாவது வருகிறவர்களின் பெயரைப் போதகர் தம் கையால் சபை நடபடிப் புத்தகத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது வழக்கம். அதற்குக் குழுவின் தீர்மானம் வேண்டாம். பட்டியலில் இல்லாதவரைப் போட்டியில் சேர்க்கவும் போதகருக்கு அதிகாரம் உண்டு, முன்பு இருந்தவர்கள் அதற்குத் துணியவில்லை.

"செத்தவன் ஜெயிச்சான்னு எவனும் எழுத முடியாது" என்றார் போதகர், ஈசாக்கிடம். "நீரு முதலாவது வாரும். நான் எழுதுதேன். எழுதினதுக்கு அப்புறம் ரெத்தினதாஸ் என்ன செய்யிதாருன்னு பாப்போம்."

ரெத்தினதாஸ் சும்மா இருப்பாரா? விளையாட்டுக்கு நடுவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த நேசையன். அவரிடம் போய்ச் சட்டத்தைக் கேட்டார். நேசையன் நேர்மையான மனிதர், அந்த நேர்மைதான் வினை. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றார். போட்டியில் சேரலாம், ஆனால் வட்டத்துக்குள் குற்றியும் கூடாது, கோலும் கூடாது. மூன்று எறி. கால் கோட்டைத் தாண்டக்கூடாது. ஒற்றைக்காலில் எதையும் பிடிக்காமல் நின்று பதினாறு ராத்தலை எறிவதென்றால், கல்லோடு சேர்ந்து மனிதனும் போய் விழுவான். அது ரெத்தினதாஸுக்கும் தெரியும்.

ஒரு மாதம் முற்றத்தில் வைக்கோலைப் பரப்பி ஈசாக் பழகினார். எறிவார், விழுவார். தாடை கிழிந்தது, முழங்கை உரிந்தது. பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது புஷ்பபாய் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இண்ணு விழல்ல டீச்சர்" என்றாள். "எறிஞ்சிட்டு அப்பிடியே நிண்ணாரு. எனக்குப் பாக்கப் பயமாட்டு இருந்துது. பொறவு வைக்கோல மாத்திப் பாத்தேன். அந்தக் காலு வலதுகாலக் காட்டியும் ஆழமாட்டு ஊணியிருக்கு."

இந்த முறை நான் அவளுக்கு எந்த விளக்கமும் கொடுக்கவில்லை.

பண்டிகை நாளன்று வயலில் இவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிளர்ச்சிக்காரர்கள் ஒரு வரப்பிலும் எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னொரு வரப்பிலுமாக நின்றார்கள். இன்னும் ஒரு மாதத்தில் தாலூகா எல்லை மாநில எல்லையாகப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நிற்கும், விளவங்கோடு போய்விடும். எங்கள் கோயில் கேரளம், எங்கள் கல்லறை மதராஸ். ஆனால் அன்றைக்கு யாரும் அதைப் பேசவில்லை. கல் விழுகிற இடத்தைக் குறிக்க நேசையன் தூரத்தில் நின்றார். வட்டத்தின் முன்கோட்டில் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஃபவுல் பார்க்கிற வேலை எனக்கு. அன்று காலை மட்டும் நான் ஐந்து பேருக்கு ஃபவுல் சொல்லியிருந்தேன். அதில் ஒருவன் என் சொந்தச் சித்தப்பா மகன். அதுவரை முன்னால் இருந்தது முப்பத்து நாலடி இரண்டு அங்குலம்.

ஈசாக் கோல்களைப் புஷ்பபாயிடம் கொடுத்துவிட்டுத் தத்தி வட்டத்துக்குள் வந்தார். முதல் எறியில் கல்லுக்குப் பின்னாலேயே கோட்டுக்கு வெளியே குப்புற விழுந்தார். ஃபவுல் என்றேன். இரண்டாம் முறை பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே சரிந்தார். ஃபவுல் என்றேன். ரெத்தினதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாரானார். மணலை நிரவிவிட்டார்கள். மூன்றாம் எறிக்கு ஈசாக் உள்ளே வந்ததும், கல்லைத் தூக்கவில்லை. குனிந்து தெற்கே கல்லறைப் பக்கம் பார்த்தார். உதடு அசைந்தது. ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. வா என்றார், ஒரே ஒரு தடவை.

கல் போன சத்தம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஈசாக் விழவில்லை. கையை முன்னே நீட்டியபடி, உடம்பின் பாரம் முழுவதும் இடது பக்கம் சாய்ந்து நின்றார். அங்கே மடித்துக் கட்டிய வேட்டிதான் இருந்தது. அதற்குக் கீழே காற்று. அப்படி ஒரு மனிதன் நிற்கமுடியாது. நான் கண்ணை இறக்கிக் கோட்டைப் பார்த்தேன்.

நிரவிய மணலில் தடம் இருந்தது. இடது கால், ஆழமாக. பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அந்த விரலும் அடுத்த விரலும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே பதிந்திருந்தன. வெள்ளைப் பொடி விரல் அளவுக்கு அழிந்திருந்தது. என் கண் முன்னாலேயே மணல் விரலோரமாகச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ இன்னும் அதன்மேல் நிற்பதுபோல.

கூட்டம் முழுவதும் கல் விழுந்த இடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. நேசையன் கொடியை நட்டுவிட்டு நிமிர்ந்து, சரியா, ஃபவுலா என்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வரப்போரமாகப் புஷ்பபாய் குழந்தையோடு நின்றாள். அவளுக்கு நின்ற இடத்திலிருந்து மணல் தெரியாது. என் முகம்தான் தெரியும்.

கோடு தாண்டினால் ஃபவுல். அதற்குக் கால் உண்டா இல்லையா என்று சட்டம் கேட்கவில்லை. நேசையன் நடந்து வந்தால் அவரும் பார்ப்பார், ஃபவுல் என்பார். அந்தக் குழந்தை தகப்பன் செத்து ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை என்று ஏட்டில் ஏறும். இல்லாத காலுக்காக இருக்கிற குழந்தையைப் பலி கொடுப்பதா? நாடாவின் நுனியைச் சரிசெய்கிற மாதிரி ஓர் அடி முன்னால் வந்தேன். தோல் செருப்புப் போட்ட காலை அந்தத் தடத்தின் மேல் வைத்து, அழுத்தி, இழுத்துத் தேய்த்தேன். மணல் சில்லென்று இருந்தது. மேலே ஈசாக் 'அம்மா' என்று முனகுவது கேட்டது. அடுத்த கணம் இடது பக்கமாக, வட்டத்துக்குள்ளேயே, வெட்டின வாழைபோல விழுந்தார். நான் கையைத் தூக்கிச் சரி என்றேன்.

முப்பத்தாறடி நாலு அங்குலம்.

ஞாயிற்றுக்கிழமை எலியா போதகர் அந்தப் பெயரைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசித்தார். நடபடிப் புத்தகத்தில் எழுதினதைக் காட்டி, அங்கத்தினர் பட்டியலில் புதுப் பக்கம் திறக்கச் சொன்னார். ரெத்தினதாஸ் எழுதினார், அதே அழகான கையெழுத்தில். குழந்தைக்கு அன்றே ஞானஸ்நானம். ஜெயபாய் என்று பெயர். தகப்பன் ஈசாக், உயிரோடு. புஷ்பபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் செய்த காரியம் யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். உள்ளதைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது.

நவம்பர் ஒன்றாம் தேதி எல்லை வந்தது. அதற்குப் பிறகு புஷ்பபாய் பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் ஏதோ சொல்லவந்து சொல்லாமல் போனாள். பிறகு ஒரு நாள் சொன்னாள். அவருக்கு இப்போது வலி இல்லையாம், எறும்பு கடிப்பதில்லையாம், மழையும் தெரியவில்லையாம். நல்லதுதானே என்றேன். நல்லதுதான், ஆனால் சாயங்காலமானால் முற்றம் முழுவதும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுகிறார், காலையில் கோலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிறார், ஒன்றும் இல்லை என்றாள். கல்லறைக்கும் போய்ப் பார்த்தாராம். எல்லையில் நின்ற போலீஸ்காரன் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, எனக்க குழியப் பாக்கணும் என்றாராம்.

அடுத்த வருடப் பண்டிகையில் போட்டிப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. நேசையன் குற்றி இல்லாமல் கூப்பிட்டார். மூன்று முறையும் கல்லைக் கழுத்துக்குக் கொண்டுவருவதற்குள் விழுந்தார். கடைசியில் பாவம் பார்த்து, புஷ்பபாய் குற்றியை அடிக்க விட்டார்கள். பத்தொன்பது அடி. இரண்டு கட்சியும் ஒரே வரப்பு வழியாக இறங்கி வீட்டுக்குப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு நான் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஈசாக் கோல்களை ஊன்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சுகமாட்டு இருக்கா என்றார். அப்பன் பேரச் சொல்லிக் கூப்பிடுதா என்று சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்புதான். பிறகு என் காலைப் பார்த்தார், அதே செருப்பு.

"அது கோட்டத் தாண்டிச்சா டீச்சர்?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இரண்டு விரல் என்றேன்.

தலையை ஆட்டினார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"பிள்ளைக்காகத்தான் செய்தியன்னு எனக்குத் தெரியும். நானாயிருந்தாலும் அதத்தான் செய்திருப்பேன்" என்றார். "நீங்க சவிட்டினப்ப எனக்கு வலிச்சுது டீச்சர். ஏழு வருசத்தில அம்மாதிரி வலிச்சதில்ல. அதுக்குப் பொறவு இதுவரெ ஒண்ணும் வலிக்கல்ல."

கோல்களைத் திருப்பிக்கொண்டு வரப்பில் ஏறினார். அவர் போன வழியில் ஈரமண்ணில் ஒரு வலது கால், இரண்டு குழி, ஒரு வலது கால், இரண்டு குழி. அது இடவழியைத் தொடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.